பொதுமக்களுக்கு அனுமதி உண்டு

அன்றைக்கு ஆட்டிறைச்சி நன்றாகவே வெந்திருந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். எலும்பைத் தொட்டாலே கறி கழன்று வந்தது. கறியோடு சேர்க்கிற மாவுப் பட்டைகளை இன்னும் கொஞ்சம் மெல்லியதாக நறுக்கியிருக்கலாம், அவ்வளவுதான் குறை.

தேநீருக்கு நன்றி. கோப்பையில் பாதிதான் ஊற்றியிருக்கிறீர்கள். விருந்தாளி உடனே எழுந்து போய்விடக் கூடாது என்று நினைக்கிற வீட்டில் வளர்ந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. விசாரணை அதிகாரிகளிடம் இந்தப் பழக்கம் இருப்பது நல்ல விஷயம். நான் அவசரமில்லாமல் சொல்கிறேன், நீங்களும் அவசரமில்லாமல் எழுதுங்கள்.

என் பெயர் தாயிர்பெக். பிஷ்கெக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையின் பொறுப்புத் தலைவர். பொறுப்பு என்பதைக் கவனியுங்கள். தற்காலிகமாக ஒட்டிய அந்தச் சொல் பதினோரு வருடமாகக் கழலவில்லை. கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவரை ஊரில் இன்னும் புது மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது எனக்கு. அதற்காக நான் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. துறைக் கூட்டங்களில் மட்டும் அவ்வப்போது நினைவூட்டுவேன்.

என் ஆய்வுப் பொருள் உயர்கல்வியும் பொதுமக்களும். எங்கள் நாட்டில் பல்கலைக்கழகக் கதவு சாதாரண ஜனங்களுக்கு எப்போது, எவ்வளவு திறந்திருந்தது என்பதுதான் கேள்வி. நான் அதற்கு ஒரு புத்தகத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது, மக்கள்தான் வரவில்லை. அவர்களுக்கு ஆடு இருக்கிறது, மாடு இருக்கிறது, சந்தை இருக்கிறது, வேறு வேலை இருக்கிறது. இதைச் சொல்ல இருநூறு பக்கம் எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது, கொஞ்சமும் கசங்காமல் புதிதாகவே இருக்கிறது.

சாய்கால் இதே பொருளை எடுத்துக்கொண்டு நேர் எதிராக எழுதினாள். அவள் எங்கள் துறையில் விரிவுரையாளர், என்னைவிட ஐந்து வயது சிறியவள், என்னைப் பைகே என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவள். இருபது வருடம் மலைப் பள்ளத்தாக்கெல்லாம் பஸ்ஸிலும் லாரியிலும் அலைந்து, மாலைக் கல்லூரியில் படிக்க வந்தவர்கள், வந்து திரும்பிப் போனவர்கள் என்று கிடைத்த ஆளையெல்லாம் உட்கார வைத்துப் பேசியிருக்கிறாள். மக்கள் வந்தார்கள், நாம்தான் மரியாதையாகத் திருப்பி அனுப்பினோம் என்பது அவள் கட்சி. யாரும் போ என்று சொல்லவில்லை, ஆனால் உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லையாம். நானூறு பக்கம், முனைவர் பட்டத்துக்கான ஆய்வேடு. அந்த நானூறு பக்கத்தில் என் புத்தகம் ஒரே ஒரு அடிக்குறிப்பில் வருகிறது. "மாற்றுக் கருத்துக்குப் பார்க்க: தாயிர்பெக். சான்றுகள் தரப்படவில்லை."

எனக்கு அதில் வருத்தமில்லை. நோக்கம் என்று உங்கள் தாளில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்ப உதவுமே என்றுதான் சொல்கிறேன். அறிவுலகத்தில் இதெல்லாம் சகஜம். அந்த வரி சில நாள் சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் காதில் கேட்டது உண்மை. இப்போதெல்லாம் பல் துலக்கும்போது கேட்பதில்லை.

அவளுக்கு அந்தப் பட்டம் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும், அதையும் மறைக்கவில்லை. பட்டம் வழங்கும் எங்கள் குழுவுக்கு அரசு கொடுத்த அனுமதி அந்த வெள்ளிக்கிழமை மாலையோடு முடிந்தது. புதுக் குழு எப்போது அமையும் என்று அமைச்சகத்துக்கே தெரியாது. துறைத்தலைவர் பதவிக்கு இனி முனைவர் பட்டம் கட்டாயம் என்று விதி வந்துவிட்டது, என்னிடம் அது இல்லை. அன்றைக்கு வாய்மொழித் தேர்வில் தேறினால் சாய்கால் துறைத்தலைவர். தேறாவிட்டால் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருபது வருட உழைப்பு ஒரு மத்தியானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குழுவின் செயலாளர் நான், எனக்கு வாக்கு கிடையாது.

செயலாளரின் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம், கருத்துச் சொல்லலாம். தேர்வைப் பற்றிப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இரண்டாம் மாடியில் பல்பு எரியாத ஒரு நடையில் கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறோம், அதற்குள் அறிவிப்பை ஒட்டுவேன். என் அனுபவத்தில் பொதுமக்கள் என்று வந்தவர்கள் யாரென்றால், ஆய்வாளரின் கணவர், கணவரின் தங்கை, பிறகு கறியைச் சூடுபண்ணலாமா என்று கதவைத் திறந்து கேட்கிற கேன்டீன் அம்மாள். அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கிண்டல் செய்து சாய்கால் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தாள். ஆகவே எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் சொல்கிறபடியே செய்து பார்த்தால் என்ன? விஞ்ஞானிகள் எலியை வைத்துச் செய்கிறார்கள், வரலாற்றாசிரியனுக்கு மட்டும் ஒரு சோதனை செய்து பார்க்கும் வாய்ப்பு கிடைப்பதேயில்லை.

அறிவிப்பை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். அங்கே ஒலிபெருக்கியில் ஒரு பெண் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாள். தொலைந்த பிள்ளை, கிடைத்த பணப்பை, புதிதாக வந்திறங்கிய ஜன்னல் திரை, எல்லாம் அவள் வாயில் வரும். ஆய்வேட்டின் தலைப்பை அவள் மூச்சு விடாமல் வாசித்தாள், நானே அசந்துபோனேன். கடைசியில் ஒரு வரி மட்டும் நான் சேர்த்திருந்தேன். "தேர்வு முடிந்ததும் விருந்து உண்டு, வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வரவும்." இதில் ஒரு சொல்லாவது பொய்யா, நீங்களே சொல்லுங்கள்.

அன்று மாலையே சாய்காலிடமும் சொன்னேன். நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதற்கு இது சாட்சி. அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நிஜமாவா பைகே? சந்தை மைக்குலயா?" என்றாள். "நான் இருபது வருஷமா எழுதிக்கிட்டே இருக்கேன். நீங்க ஒரே மத்தியானத்துல செஞ்சுட்டு வந்து நிக்கிறீங்களே."

அவள் கண் கலங்கியது. நான் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன், துவைத்ததுதான். விருந்து ஆய்வாளரின் செலவு, ஆகவே கூட்டம் வரும் என்றதும் அவள் இன்னோர் ஆடு வாங்கக் கிளம்பினாள். நானும் கூடவே போய் வாலைத் தடவிப் பார்த்து நல்ல கொழுத்த ஆடாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். ரொம்ப எளிமையான கணக்கு. வாக்குப் போடக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் அறையில் இருந்தாக வேண்டும். அன்றைக்கு வருவதாகச் சொன்னவர்கள் சரியாக அத்தனை பேர்தான், ஒருவர் எழுந்து போனாலும் வாக்கெடுப்பு இல்லை. இன்னும் சிலர் வந்திருக்கலாம். அவர்களுக்கு நான் போன் செய்தபோது கணவாயில் பனி என்று சொன்னேன். பனி இருந்தது. எங்கள் கணவாய்களில் பனி இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

வந்தவர்களில் ஒருவர் ஓஷ் நகரத்துப் பேராசிரியர். மாலை விமானத்தில் ஊர் திரும்ப வேண்டியவர். அவர் கிளம்பும் நேரம் வரை கூட்டம் இழுத்தால் போதும். கூட்டத்தை இழுப்பதற்கு எங்கள் ஊர்ப் பெரியவர்களைவிடத் தகுதியான ஆட்கள் உலகத்திலேயே கிடையாது. நரைத்த தாடியும் வெள்ளைக் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் எழுந்து நின்றுவிட்டால், அவர் பேசி முடித்து ஆசியும் வழங்கி உட்காரும் வரை ஜனாதிபதியானாலும் வாயைத் திறக்க முடியாது. பேச்சுக்கு நேரம் குறிக்கக் குழுவின் விதியில் ஒரே ஒரு வழி இருக்கிறது, ஆய்வாளர் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சாய்கால் கேட்க மாட்டாள். அவள் நல்ல வீட்டுப் பெண், தவிரவும் மக்களைப் பேசவிட வேண்டும் என்று நானூறு பக்கம் எழுதியவள். தன் ஆய்வேட்டை நம்புகிறவளாக இருந்தால் அவள் தோற்பாள் என்பதுதான் என் சோதனையின் அழகு. இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு.

வெள்ளிக்கிழமை வந்தது, சந்தையும் வந்தது. சின்னக் கூட்டமில்லை. குதிரைச் சேணம் விற்கிறவர்கள், குடல் கழுவுகிற பெண்கள், கத்தி தீட்டுகிறவர், இரண்டு ஊன்றுகோல்காரர்கள், மிச்சக் கறியைக் கட்டிக்கொண்டு போக மடித்து வைத்த பைகளோடு ஏராளமான அம்மாள்கள். வாசலில் காவலாளி அட்டை கேட்டிருக்கிறான். உலர்ந்த தயிர் உருண்டை விற்கிற அனார்கான் என்ற பெண்மணி, மாமியார் வீட்டுக்குள்ள போறதுக்கே நான் அட்டை காட்டல, நகருடா தம்பி என்று அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அவள் பெயரை எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

முன்வரிசையில் குழு. அதன் ஓரத்தில், என் நாற்காலிக்கு அடுத்து, பேராசிரியர் கெரிம்ஷே. குழுவிலேயே மூத்தவர், எண்பது தாண்டியவர். எனக்கும் ஆசிரியர், சாய்காலுக்கும் ஆசிரியர். எனக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததே அவர்தான். அன்றைக்குக் கறுப்புக் கோட்டும் பதக்கமும் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்காரும் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சாய்கால் நன்றாகப் பேசினாள். இதைச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமில்லை. வழக்கமான கேள்விகளெல்லாம் முடிந்து, தலைவர் அடுத்த தாளைத் தேடிக்கொண்டே, கூடியிருப்பவர்களில் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். அது சும்மா கேட்கிற கேள்வி. என் வாழ்நாளில் யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. அன்றைக்குப் பின்வரிசையில் பதினைந்து தொப்பிகள் எழுந்து நின்றன.

யார் முதலில் பேசுவது என்பதை முடிவு செய்யவே நல்ல நேரம் பிடித்தது. வயதில் மூத்தவருக்குத்தானே முதல் வார்த்தை. எங்கள் பழைய கணக்கில் பன்னிரண்டு வருடம் ஒரு சுற்று, வருடத்துக்கு ஒரு மிருகம்; ஒருவர் தாம் ஆட்டு வருடத்தில் பிறந்ததாகச் சொன்னார். இன்னொருவரும் ஆட்டு வருடம்தான். மூன்றாமவர் குதிரை வருடம், ஆகவே எல்லோருக்கும் ஒரு வருடம் மூத்தவர், ஆனால் அந்தக் குதிரை இந்தச் சுற்றுக் குதிரையா முந்தின சுற்றுக் குதிரையா என்று தகராறு. அவர் மனைவியையே கேட்கலாம் என்றார்கள். அந்த அம்மாள், இவர் பல்லைப் பாத்தா முந்தின சுத்துக் குதிரை மாதிரிதான் இருக்கு என்றாள். குழுவினர் சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் பேசியவர் ஒரொஸ்பாய் என்பவர், பழைய குதிரை மேய்ப்பர். இளவயதில் விவசாயப் படிப்பில் சேர இந்தக் கட்டடத்துக்கே வந்தாராம். நுழைவுத் தேர்வு நாள். வாசலில் ஒருவர், வெளியில் போட்டு வந்த பூட்ஸோடு உள்ளே வரக் கூடாது, மாற்றுச் செருப்பு எங்கே என்று கேட்டிருக்கிறார். இவரிடம் இருந்தது காலில் இருந்த கம்பளி பூட்ஸ் மட்டும்.

"அவரு திட்டல, ஒண்ணும் பண்ணல," என்றார் ஒரொஸ்பாய். "ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. நான் செருப்பு எடுத்துட்டு வரேன்னு ஊருக்குப் போனேன். ஊரு மூணு நாள் தூரம். திரும்பி வந்தப்ப பரீட்சை முடிஞ்சுபோச்சு. அப்புறம் குதிரைங்க என்னைச் செருப்பு கேக்கல, அதனால அங்கயே இருந்துட்டேன்."

இது சாய்காலின் கட்சிக்கு வலுச் சேர்க்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். ஒரே ஓர் ஆள், முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாதிரி அல்ல. அவர் கையேந்தி ஆசி சொல்லத் தொடங்கினார், எல்லோரும் கையேந்தினோம். சாய்காலுக்கு, அவள் பிள்ளைகளுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, அதன் கூரைக்கு, மழைக்கு, புல்லுக்கு என்று ஆசி நீண்டது. அப்படியே ஆகட்டும் என்பதற்கு ஓமின் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டபோது வயதான உறுப்பினர்களுக்குத் தோள்பட்டை வலித்திருக்கும். உடனே அடுத்தவர் எழுந்தார்.

நான்காவது பெரியவர் பேசும்போது தலைவர் சாய்காலைப் பார்த்தார். நீ ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவள் தலையை ஆட்டினாள்.

"பேசட்டும் ஐயா," என்றாள். "இவங்க பேசணும்னுதானே நான் எழுதினேன்."

அந்த நேரம் எனக்கு அவளைப் பிடித்திருந்தது. உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் சோதனை என்று ஒன்றைத் தொடங்கிவிட்டால் பாதியில் விட முடியாது.

ஓஷ் பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் மனசு துள்ளியது. அவர் நேராகப் பின்வரிசைக்குப் போய், பேசி முடித்திருந்த ஒரு பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவருக்கும் ஒரே பள்ளத்தாக்காம், பேராசிரியருடைய அப்பாவைப் பெரியவருக்குத் தெரியுமாம். திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே, விமானம் நாளைக்கும் போகும் என்றார். நான் போட்ட கணக்கெல்லாம் அவரை நம்பித்தான் இருந்தது. பொதுமக்கள் வந்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வில் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை, இதை நான் என் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு பெரியவர்கள்தான் பாக்கி. பிறகு வாக்கெடுப்பு. அப்போதுதான் கெரிம்ஷே ஐயாவைப் பார்த்தேன்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. தேர்வு தொடங்கும் முன் சாய்கால் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தாள். "பைகே, ஐயா இன்சுலின் போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கார். நேரத்துக்கு ஏதாவது வாயில போடலன்னா சர்க்கரை இறங்கிடும். பின்னாடி முக்காலியில தட்டு வெச்சிருக்கேன், தேனு, பொரிச்ச மாவுருண்டை, கல்கண்டு எல்லாம் இருக்கு. நான் மேடையில நிப்பேன், இறங்கி வர முடியாது. நீங்க பாத்துக்கோங்க." பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஏந்திய கை லேசாக நடுங்கியது. என் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது, அந்த அடையாளங்கள் எனக்குப் பழக்கம். ஆசி நடக்கும்போது கையை இறக்கி வாயில் எதையாவது போடுவது எங்களில் யாரும் செய்யாத காரியம், அதுவும் கெரிம்ஷே ஐயா உயிர் போனாலும் செய்ய மாட்டார். இப்படிச் சொன்னது தவறு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். ஆசி ஒன்று முடிந்து அடுத்தவர் எழுவதற்குள் கிடைத்த இடைவெளியில் அவர் பின்பக்கம் கையை நீட்டினார். முக்காலி எட்டவில்லை.

நான் எழுந்தேன், தட்டை எடுத்தேன், அடுத்த அறைக்கு, விருந்து வைத்திருந்த இடத்துக்குக் கொண்டுபோய் ஜன்னலோரத்து மேசையில் வைத்தேன். ஈ மொய்க்காமல் துணியால் மூடியும் வைத்தேன். பிறகு வந்து உட்கார்ந்தேன்.

அவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "தாயிர், அந்தத் தட்டு இருந்துச்சே..."

"முடியப்போகுது ஐயா," என்றேன். "எல்லாரும் சேர்ந்தே சாப்பிடலாம்."

அவர் தலையாட்டினார். அவர் என்னை எப்போதும் நம்புவார். நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான்: அவர் எழுந்து வெளியே போவார், கேன்டீனில் இனிப்பாக ஒரு தேநீர் குடிப்பார், உட்கார்ந்து களைப்பாறுவார். அந்தச் சமயத்தில் வாக்கெடுப்பு வரும், ஒரு நாற்காலி காலியாக இருக்கும். நோயாளிக்கு ஓய்வு, குழுவுக்கு முடிவு. இதில் கெடுதல் எங்கே இருக்கிறது?

அவர் போகவில்லை. நான்தான் வற்புறுத்தினேன், கொஞ்சம் காற்றாட வெளியே போய் வாருங்கள் ஐயா என்று இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை அவர் சிரித்தார். நாக்கு கொஞ்சம் குழறியது.

"நான் எந்திரிச்சா அவளுக்கு ஆள் கொறையும்ல," என்றார். "எனக்கும் எண்ணத் தெரியும்டா."

கடைசிப் பெரியவர் கையேந்தியபோது இவரும் கையேந்தினார். ஆசியின் நடுவில் அவருடைய கைகள் இறங்கின, உடம்பு பக்கவாட்டில் சரிந்தது, சுவரோரம் இருந்த இரும்பு வெப்பக் குழாயில் தலை மோதியது. சாய்கால் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தாள். தட்டு, தட்டு எங்கே என்று கேட்டாள். நான் அடுத்த அறையைக் காட்டினேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

ஆம்புலன்ஸில் அவளும் ஏறிப் போய்விட்டாள். தலைவர் ஆட்களை எண்ணினார், ஒருவர் குறைந்தார். விதிப்படி வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று செயலாளர் என்ற முறையில் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாலை ஆறு மணிக்குக் குழுவின் ஆயுள் முடிந்தது. கெரிம்ஷே ஐயா கண் திறக்காமலே திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தார். அடக்கத்தின்போது நான்தான் பேசினேன். நன்றாகப் பேசியதாக எல்லோரும் சொன்னார்கள்.

சந்தைக்காரர்கள் அன்றைக்குக் கறியைத் தொடவில்லை. ஒரொஸ்பாய் வேண்டாம் என்று கை காட்டினார், எல்லோரும் காலிப் பைகளை அப்படியே மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். இரண்டு ஆடு, ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்குப் பசித்தது. ஆட்டுத் தலையைச் சபையில் பெரியவருக்கு வைப்பது முறை, அது கெரிம்ஷே ஐயாவுக்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதை யாருக்கு வைப்பது என்று கேன்டீன் அம்மாள் தயங்கினாள். துறையின் தலைவர் நான்தானே என்று சொன்னேன். பொறுப்பு என்ற சொல்லை அன்றைக்கு அவளும் சேர்க்கவில்லை.

அனார்கான் உங்களிடம் வந்து என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். "தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சான். அந்தப் பெரியவருக்குத்தான் குடுக்கப் போறான்னு நெனச்சேன். திரும்பி வந்தப்ப கை வெறுங்கையா இருந்துச்சு. நான் தராசு புடிக்கிறவ, என் கண்ணு கையைத்தான் பாக்கும்." பத்துப் பதினைந்து பேரை வேறு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் சொன்னது எல்லாம் சரி. நான் தெரிந்துதான் எடுத்தேன், அவருக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுக்காமல் இருந்தேன், சாய்கால் அந்தப் பட்டத்தை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. இதை இதே வார்த்தைகளில் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். நான் அழைத்திருக்காவிட்டால் அனார்கான் அங்கே வந்திருக்கவே மாட்டாள் என்பதையும் ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டால் நல்லது.

சாய்கால் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாமே. அவள் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறேன், அட்டைப் பெட்டிகளும் நானே வரவழைத்துக் கொடுத்தேன். அவளுடைய ஆய்வேடு தவறு என்று நான் இப்போது சொல்ல மாட்டேன். மக்கள் வந்தார்கள், அதைக் கண்ணால் பார்த்தேன். இறைச்சி இல்லாமல் இன்னொரு தடவை செய்து பார்த்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும்.

கையெழுத்து இங்கேதானே? ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கோப்பு ஒருநாள் ஆவணக் காப்பகத்துக்குப் போகும். தனிநபர் கோப்புகளை எழுபத்தைந்து வருடம் யாருக்கும் காட்டாமல் மூடி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மேலட்டையில் அப்படியே எழுதிவிடுங்கள். சாய்கால்தான் முதலில் வந்து கேட்பாள், அவள் எந்தத் தாளையும் படிக்காமல் விட மாட்டாள். அவள் பின்னாலேயே தயிர் உருண்டைக்காரியும் குதிரைக்காரரும் வருவார்கள். மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். முப்பது வருடம் இந்தத் துறையிலேயே உழைத்தவன் நான், பொதுமக்களை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.